‘வேலை செய்யவில்லை’ என்று எழுதிய பிறகு

கேள்வி: அக்கா, எனக்குத் தருமபுரிப் பக்கம். பி.எஸ்சி. இயற்பியல், தமிழ் வழியில் படித்தேன். மூன்று மாதமாக பெங்களூரு மடிவாளாவில் பி.ஜி. விடுதியில் தங்கிப் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்கிறேன். அறையில் நாங்கள் நான்கு பேர். மாதச் செலவைப் பங்கு போட ஒரு கணினி நிரல் எழுதினேன், 140 வரி வந்தது. 1200, 850 என்று இரண்டு செலவுகளைக் கொடுத்துப் பார்த்தேன். நான்கால் வகுக்கும் வரியில் ‘டைப்எரர்’ என்ற பிழைச் செய்தி வந்தது. ‘என் நிரல் வேலை செய்யவில்லை, டைப்எரர் வருகிறது, உதவுங்கள்’ என்று எழுதி, திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒருவர், ‘வகுக்கும் இடத்தில் இன்ட் போடு’ என்றார். போட்டதும் பிழைச் செய்தி போய்விட்டது. ஆனால் ஆளுக்கு 300212.5 ரூபாய் என்று காட்டுகிறது. மறுபடி கேட்டால், ‘கூகுளில் தேடு’ என்கிறார்கள். என் ஆங்கிலமும் சுமார்தான். எப்படிக் கேட்டால் உதவுவார்கள்?

பதில்: தம்பி, கோளாறு எங்கே என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது உறுத்திக்கொண்டிருக்கும்போது வேறு எதைச் சொன்னாலும் மனத்தில் நிற்காது.

உங்கள் கேள்வியைப் படித்ததும் நான் செய்தது ஒரே ஒரு கணக்கு. 300212.5 என்பதை நான்கால் பெருக்கினேன். 1200850 வந்தது. நீங்கள் கொடுத்த 1200, 850 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பைத்தான் 3இல் ‘இன்புட்’ என்னும் செயற்கூறு (ஒரு வேலையைச் செய்து தரும் கட்டளை), நீங்கள் விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அதைச் சரமாகத்தான், அதாவது எழுத்துக்குறிகளின் வரிசையாகத்தான், கொண்டுவந்து கொடுக்கும். 1200 என்று தட்டினால் அதற்கு அது ஆயிரத்து இருநூறு அல்ல. ஒன்று, இரண்டு, பூஜ்யம், பூஜ்யம் என்ற நான்கு குறிகளின் வரிசை. இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் பைத்தான் அவற்றை ஒட்டிவிடும். ஒட்டிய சரத்தை நான்கால் வகுக்கச் சொன்னபோதுதான் முடியாது என்று நின்றது. நண்பர் சொன்னபடி அங்கே, முழு எண்ணாக மாற்றும் ‘இன்ட்’ போட்டதும், ஏற்கெனவே ஒட்டிப்போன சரம் பன்னிரண்டு லட்சத்து எண்ணூற்று ஐம்பது என்ற எண்ணாக மாறி ஒழுங்காக வகுபட்டது. ‘இன்ட்’ இருக்க வேண்டிய இடம் வகுக்கும் வரி அல்ல, ‘இன்புட்’ இருக்கும் வரி. செலவு உள்ளே வரும்போதே எண்ணாக்கிவிட்டால் கூட்டுத்தொகை 2050, ஆளுக்கு 512.5 என்று வரும்.

இதைச் சொல்வதற்கு உங்கள் 140 வரிகளில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் கொடுத்தது இரண்டு எண், வந்தது ஒரு எண், அவ்வளவுதான் தேவைப்பட்டது. எனக்கு எழுதிய கேள்வியில் அந்த மூன்று எண்களும் இருக்கின்றன. குழுவில் போட்ட செய்தியில் ஒன்றுகூட இல்லை. இரண்டு நாள் பதில் வராததற்குக் காரணம் உங்கள் மேல் யாருக்கும் இருந்த அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்தவர், பதில் சொல்ல விரும்பியிருந்தாலும் எதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது? டாக்டரிடம் போய், ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் அவர் மேலும் நான்கு கேள்வி கேட்பார். குழுவில் இருப்பவர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்ப்பவர். அந்த நான்கு கேள்விகளைத் தட்டெழுத அவருக்கு முடியாது. அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

பதினெட்டு ஆண்டுகளாக இந்த ஊரில் நிரல் எழுதிப் பிழைக்கிறேன். ஞாயிறு காலைகளில் அல்சூரில் ஒரு தோழியின் வீட்டு மாடியில், வேலை தேடி வந்திருக்கும் நம் பிள்ளைகளோடு உட்கார்கிறேன். கேள்வியைச் சரியாக அமைப்பது நிரல் எழுதுவதற்கு வெளியே உள்ள ஏதோ நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். நிரலாக்கத்தில் பாதி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதை எப்படிச் செய்வது என்று உங்கள் நிரலையே வைத்துச் சொல்கிறேன்.

பிழைச் செய்தியிலிருந்து தொடங்குங்கள். பைத்தான் அதை நீளமாக அச்சிடும். மேலிருந்து படித்தால் தலை சுற்றும். கடைசியில் நடந்தது கடைசி வரியில் இருப்பதால் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். உங்களுக்கு வந்த கடைசி வரியில் ‘டைப்எரர்’ என்ற சொல்லுக்குப் பிறகும் செய்தி இருந்திருக்கும்: வகுத்தல் குறிக்கு ‘எஸ்டிஆர்’, ‘இன்ட்’ ஆகிய இரண்டும் பொருந்தாது என்று. ‘எஸ்டிஆர்’ என்றால் சரம். ‘இன்ட்’ என்றால் முழு எண். நான்கு முழு எண்; ஆகவே கூட்டுத்தொகைதான் சரம். ‘அது எப்போது சரமானது?’ என்று நீங்கள் அங்கேயே கேட்டிருக்கலாம். நீங்கள் முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டு அதைத் தேடியிருப்பீர்கள். அந்தச் சொல்லைத் தேடினால் ஆயிரம் பேருடைய ஆயிரம் விதமான கோளாறுகள் வரும். ஆகவே செய்தியைச் சுருக்காதீர்கள், மொழிபெயர்க்காதீர்கள். கடைசி எழுத்துவரை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். படம் வேண்டாம். படத்திலிருந்து யாரும் வரிகளை எளிதில் எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது.

பிழைச் செய்தி காட்டும் வரி எப்போதும் தவறு நடந்த வரி ஆகாது. தாங்க முடியாமல் நிரல் நின்ற வரி அது. உங்களுக்குத் தவறு தொடக்கத்தில் நடந்தது, நின்றது நெடுந்தூரம் தள்ளி. அடைப்புக்குறியை மூட மறந்தாலும் இப்படித்தான். பழைய பைத்தான்கள் அடுத்த வரியைக் காட்டி, ‘இலக்கணப் பிழை’ என்று சொல்லும். தொடக்கநிலையில் இருப்பவர் குற்றமற்ற அந்த வரியை ஒரு மணி நேரம் உற்றுப் பார்ப்பார். 2021இல் வந்த 3.10 பதிப்பிலிருந்துதான், ‘இந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை’ என்று நேராகச் சொல்கிறது.

அடுத்தது, நான் மிக முக்கியம் என்று கருதும் வேலை. 140 வரியை யாரிடமும் நீட்டாதீர்கள். நிரலை வேறு பெயரில் நகலெடுத்துக்கொண்டு அந்த நகலை வெட்டத் தொடங்குங்கள். கோளாறோடு தொடர்பில்லை என்று தோன்றும் பாதியை நீக்கிவிட்டு ஓட்டுங்கள். அதே பிழை வந்தால் நீக்கியது நீக்கியதாகவே இருக்கட்டும். வராவிட்டால் நீக்கியதற்குள் ஏதோ இருக்கிறது. திரும்பக் கொண்டுவந்து மறு பாதியை நீக்குங்கள். ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைந்தால் 140 வரி ஏழெட்டு வெட்டில் ஒன்றிரண்டு வரியாகிவிடும். ஆயிரம் வரி நிரலுக்குக்கூடப் பத்து வெட்டு போதும். நடைமுறையில் இவ்வளவு சீராகப் போகாது. சில வரிகள் ஒன்றையொன்று நம்பியிருக்கும். இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஐந்தாறு வரிக்கு வந்துவிடலாம்.

உங்கள் நிரலில் இப்படி வெட்டும்போது ஒரு வேடிக்கை நடந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் செலவைத் தட்டிக் கொடுக்கச் சலித்துப்போய், ‘இன்புட்’ வரியை எடுத்துவிட்டு 1200 என்று நேராக எழுதியிருப்பீர்கள். பிழை மறைந்துவிட்டிருக்கும்! பலர் இந்த இடத்தில் திகைத்து, ‘சின்ன நிரலில் கோளாறு வரவில்லையே’ என்று கைவிட்டுவிடுகிறார்கள். கைவிடாதீர்கள். நேராக எழுதிய 1200க்கும், தட்டி உள்ளே வந்த 1200க்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நிரல் உங்களுக்குச் சொல்லிவிட்டது. இனி எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் நிரலை வெட்டிக்கொண்டே வந்து, என்னிடம் வாயைத் திறப்பதற்குள் ‘அக்கா, தெரிந்துவிட்டது’ என்று மடிக்கணினியைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு வரும் மகிழ்ச்சி, நானே தீர்த்துக் கொடுக்கும்போது வருவதில்லை.

வெட்டியும் பிடிபடவில்லையா? அப்போது தயங்காமல் கேளுங்கள். குழுவில் நீங்கள் இப்படி எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்:

‘அறைச் செலவை நான்கு பேருக்குப் பங்கிட வேண்டும். விண்டோஸ் 11, பைத்தான் 3.12. கீழே நான்கு வரி நிரல் இருக்கிறது. 1200, 850 என்று தட்டுகிறேன். 512.5 வரும் என்று எதிர்பார்த்தேன். நான்காம் வரியில் கீழே உள்ள செய்தியோடு நின்றுவிடுகிறது. வகுப்பதற்கு முன் இன்ட் போட்டுப் பார்த்தேன், 300212.5 வருகிறது. இன்புட்டுக்குப் பதில் எண்களை நேராக எழுதினால் சரியாக வருகிறது. ஏன் என்று புரியவில்லை.’

இதைப் படிப்பவர் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டு இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்.

பதிப்பு எண் எதற்கு என்று நினைக்கலாம். இதே நிரலைப் பைத்தான் 2இல் ஓட்டியிருந்தால் பிழையே வந்திருக்காது. அங்கே ‘இன்புட்’, தட்டியதைக் கணித்து எண்ணாகவே கொடுக்கும். ஆனால் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னத்தை விட்டுவிடும் என்பதால் விடை 512 என்று வந்து, ஐம்பது பைசா காணாமல் போயிருக்கும். 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தபோது இவை மாறின. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு நின்றது. ஆனாலும் பழைய புத்தகங்களும் பழைய வீடியோக்களும் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதிவிட்டு, ‘புத்தகத்தில் உள்ளபடிதானே எழுதினேன்’ என்று அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் வந்தேன். கல்லூரியில் டர்போ சி++ என்ற பழைய நிரலாக்க மென்பொருள். அதில் நிரலின் தொடக்கத்தில் சேர்க்கும் ‘ஐஓஸ்ட்ரீம்’ என்ற கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ‘ஹெச்’ போடுவோம். 1998இல் வந்த சி++ தர வரையறையிலேயே அந்த ‘ஹெச்’ இல்லை. ஓசூர் சாலையில் என் முதல் அலுவலகத்தில் கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) அப்படி ஒரு கோப்பே கிடையாது என்றது. கேட்டால் கல்லூரியில் ஒன்றும் படிக்கவில்லை என்று நினைப்பார்களோ என்று பயந்து ஒன்றரை நாள் வாய் திறக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த கன்னடக்காரர் தானாக எழுந்து வந்து, ‘என்ன செய்தீர்கள், என்ன பார்த்தீர்கள்?’ என்று இரண்டு கேள்வி மட்டும் கேட்டார். அந்த இரண்டு கேள்விகளைத்தான் இன்றைக்கும் பிள்ளைகளிடம் கேட்கிறேன்.

எவ்வளவு நேரம் தனியாகப் போராடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு ஒரு மணி நேரம். அதற்குள் செய்தியை முழுதாகப் படித்து, நிரலை வெட்டிப் பார்த்திருந்தால் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. மூன்று நாள் மூடிவைத்துக்கொண்டு உட்காருவதில் பெருமை ஒன்றும் இல்லை.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். தமிழர்கள் இருக்கும் குழு என்றால் தமிழிலேயே எழுதுங்கள். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலே பைத்தானைத் தமிழில் சொல்லிக் கொடுக்கிறது. சரம், மாறி (மதிப்பை வைத்திருக்கும் பெயர்), செயற்கூறு எல்லாம் அதில் இருக்கும் சொற்கள்தான். பிழைச் செய்தியை மட்டும் வந்தபடி விடுங்கள். பெங்களூருவில் கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுபவர்கள் கலந்திருக்கும் குழுக்களே அதிகம். அங்கே எழுதும்போதும் பயம் வேண்டாம். கொடுத்தது 1200, 850. எதிர்பார்த்தது 512.5. வந்தது 300212.5. இதற்கு எந்த மொழி வேண்டும்? நிரலும் எண்களும் சரியாக இருந்தால், நடுவில் இருக்கும் ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் யாரும் பொருட்படுத்தமாட்டார்கள்.

தமிழ் எழுத்துகளை வைத்து நிரல் எழுதும்போது மட்டும் கூடுதலாக ஒரு விளக்கம் தேவைப்படும், ஏனென்றால் கேட்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். எங்களிடம் வரும் ஒரு மாணவி, பெயர்களின் எழுத்துகளை எண்ணும் நிரல் எழுதினாள். ‘தமிழ்’ என்று கொடுத்தால் 5 என்று வந்தது. மூன்று வர வேண்டும் என்று இரண்டு நாள் தன் லூப்பையே, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் வரிகளையே, திருத்திக்கொண்டிருந்தாள். லூப்பில் தவறே இல்லை. கணினியில் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள் அந்தச் சொல்லில் இருக்கின்றன. பைத்தான் குறியீடுகளை எண்ணுகிறது, நாம் எழுத்துகளை எண்ணுகிறோம். எழுத்தாகப் பிரித்துக் கொடுக்க ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நூலகம் இருக்கிறது. இதைவிடச் சிக்கலானது ‘கொ’. அதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒப்பிட்டால் சமம் இல்லை என்று வரும். ‘ஒரே சொல்லைச் சமமில்லை என்கிறது’ என்று மட்டும் எழுதினால் வேறு மொழிக்காரர் உங்களைத்தான் சந்தேகிப்பார். இரண்டு சொற்களின் நீளத்தையும் சேர்த்து எழுதினால், ஒன்றில் 1 கூடுதலாக இருப்பதைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தவர் பிடித்துக்கொள்வார். விண்டோஸில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் கிறுக்கல்களாக வருகிறதா? திறக்கும் வரியில் குறியாக்கம் (எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் முறை) ‘யூடிஎஃப்-8’ என்று குறிப்பிடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேட்கக்கூடாத விதம் ஒன்று உண்டு. உங்கள் உண்மையான தேவையை மறைத்துவிட்டு, நீங்களே ஊகித்த வழியை மட்டும் கேட்பது. ‘செலவு1, செலவு2, செலவு3 என்று லூப்புக்குள் மாறிகளின் பெயரை உருவாக்குவது எப்படி?’ என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். அதற்கும் ஒரு வழி இருக்கிறது, யாராவது சொல்லியும் கொடுத்துவிடுவார்கள், நிரல் அதன் பிறகு கெட்டுப்போகும். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பட்டியல். செலவுகளை அதில் சேர்த்துக்கொண்டே போனால் போதும். ‘பல செலவுகளை வாங்கிக் கூட்ட வேண்டும்’ என்று தேவையை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் அந்தச் சுற்றுவழி நேர்ந்திருக்காது.

செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களிடம் கேட்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கேளுங்கள். கோபப்படாது, நள்ளிரவிலும் பதில் சொல்லும். ஆனால் எண்களைச் சொல்லாமல், ‘வகுக்கும் வரியில் பிழை’ என்று மட்டும் கேட்டால், உங்கள் நண்பர் சொன்னதையே அதுவும் சொல்லக்கூடும், அதுவும் மிகுந்த தன்னம்பிக்கையோடு. நிரல் முழுவதையும் எழுதி வாங்காதீர்கள். ‘இந்தக் கடைசி வரிக்கு என்ன பொருள்?’ என்று கேளுங்கள். விடையைக் கையால் போட்டுப் பார்த்த கணக்கோடு ஒப்பிடுங்கள். ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் போல வரும் என்று உங்களுக்கே தெரிந்திருந்ததால்தான் மூன்று லட்சம் தவறு என்று தெரிந்தது. செலவுகள் முப்பதாக இருந்து, விடை கொஞ்சமாகப் பிசகியிருந்தால்?

வேலையில் சேர்ந்த பிறகு இன்னொன்று சேர்ந்துகொள்ளும். அலுவலக நிரலை வெளியே எங்கும் ஒட்டக்கூடாது; கடவுச்சொல் உள்ள வரியை ஒருபோதும் ஒட்டக்கூடாது. அதே கோளாறு வரும்படி சொந்தமாக ஒரு ஆறு வரி நிரல் எழுதிக் கேளுங்கள். இப்போதே பழகிவிட்டால் அப்போது கஷ்டம் இருக்காது.

‘கூகுளில் தேடு’ என்று சொன்னவர்களைப் பற்றி: அப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்று தெரிந்திருந்தால் நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள். ‘பைத்தான் இன்புட் சரமாகத்தான் வரும், அதைப் பற்றிப் படி’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அது நல்ல பதில். நாளைக்கு நீங்கள் இன்னொருவருக்குப் பதில் சொல்லும் இடத்தில் இருப்பீர்கள், அதிக நாள் ஆகாது. அந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லுங்கள். இன்றைக்குச் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. குழுவுக்குத் திரும்பிப் போய், தவறு எங்கே இருந்தது, எப்படிச் சரியானது என்று இரண்டு வரி எழுதுங்கள். ‘இன்ட் போடு’ என்றவருக்கு நன்றியும் சொல்லுங்கள். யாருமே பேசாதபோது பேசியவர் அவர்தான்.

இப்போது நிரலைத் திருத்தி ஓட்டுங்கள். சில நாளில் உங்கள் அறைத்தோழர் யாராவது 1,200 என்று காற்புள்ளி வைத்துத் தட்டுவார், அல்லது 850.50 என்று பைசாவோடு தட்டுவார். ‘இன்ட்’ இரண்டையும் ஏற்காது. ‘வேல்யூஎரர்’ என்று நின்றுவிடும். அந்தச் செய்தியின் கடைசி வரியின் முடிவைப் பாருங்கள். அவர் தட்டியது எதுவோ அது அப்படியே மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும்.